ரப்பர் பாலுக்கு விடும் ஃபார்மிக் ஆசிட்: கேனில் இருப்பது அதுதானா, எப்படிக் கண்டுபிடிப்பது?

திற்பரப்புத் தோட்டம் | ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். 2 ஏக்கரில் 340 ரப்பர் மரம் இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை வராமல் போனதால், சென்னை வேலையை விட்டுவிட்டு போன வருஷம் ஊருக்கு வந்தேன். வெட்டு, பால் எடுப்பு, ஷீட் அடிப்பு எல்லாம் இப்போது நான்தான்.

பிரச்சினை இதுதான். மூன்று வாரமாக ஷீட் சரியாகக் காயவில்லை. புகைப்புரையில் நாலு நாளில் தேன் நிறத்துக்கு வர வேண்டியது, ஆறு நாள் கழித்தும் நடுவில் வெள்ளைத் திட்டாக நிற்கிறது. எடுத்து அடுக்கினால் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறது. எப்போதும் ஆர்எஸ்எஸ் 4 (புகையிட்ட ஷீட்டின் ஒரு தரம்) போட்டு எடுக்கும் கடைக்காரர் இந்தத் தடவை தரம் குறைத்துவிட்டார்.

மாறியது ஒன்றுதான். பாலை உறையவைக்கும் ஆசிட்டை, விலை குறைவு என்று புதிய கடை ஒன்றில் கேனாக வாங்கினேன். மேலே "ரப்பர் ஆசிட்" என்று மட்டும் எழுதியிருக்கிறது; சதவீதம், கம்பெனி பெயர் எதுவும் இல்லை. பழைய கேனைத் திறந்தால் மூக்கில் ஏறும். இதில் வாசனை இருக்கிறது, ஆனால் மெதுவாக. ரோலரிலும் துரு ஏறுகிறது.

இது ஃபார்மிக் ஆசிட்தானா? இல்லையென்றால் என்ன? வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

அருமனை வெட்டுக்காரர் | ஞாயிறு, காலை 8.15

தம்பி, ஆசிட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் அளவைச் சொல்லுங்கள். ஒரு டிஷ்ஷுக்கு, அதாவது பாலை உறையவிடும் தட்டுக்கு, எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆசிட்?

திற்பரப்புத் தோட்டம் | ஞாயிறு, காலை 8.22

பால் பாதி, தண்ணீர் பாதி அண்ணா. ஆசிட் கேன் மூடியில் ஒரு மூடி எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் கலந்து, எல்லா டிஷ்ஷுக்கும் பகிர்ந்து விடுவேன். அப்பா கண் அளவில் விடுவார், அதைப் பார்த்துப் பழகினேன்.

அருமனை வெட்டுக்காரர் | ஞாயிறு, காலை 9.05

அப்பாவின் கண்ணுக்கு நாற்பது வருஷப் பழக்கம் இருக்கும். நமக்கு அளவுக் குவளை வேண்டும்.

மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணீர். மழைக்காலத்தில் இன்னும் குறையும். அதை நூற்றுக்குப் பன்னிரண்டரை ரப்பர் என்ற அளவுக்கு இறக்க வேண்டும். சுமாராக ஒன்றரை லிட்டர் பாலுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். ஒரு டிஷ்ஷில் நாலு லிட்டர் நிற்கும், அரைக் கிலோ ஷீட் கிடைக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் கெட்டியாகிவிடும், ரோலரில் மெலியாது, நடுவில் காயாது. உங்கள் வெள்ளைத் திட்டுக்கு இதுவே ஒரு காரணம்.

ஆசிட் 85 சதவீதமாக இருந்தால் 10 மில்லி எடுத்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். அந்தக் கரைசலில் ஒரு டிஷ்ஷுக்கு 200 மில்லி. மறுநாள் ஷீட் அடிக்க இது போதும். அன்றே அடிக்க வேண்டுமானால் கொஞ்சம் கூட்டலாம். காலையில் டிஷ்ஷில் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். தெளிந்திருந்தால் ஆசிட் சரி. பால் மாதிரி கலங்கியிருந்தால் ஆசிட் போதவில்லை, ரப்பர் தண்ணீரோடு போகிறது. கட்டி கல் மாதிரி இறுகியிருந்தால் கூடிப்போயிற்று.

ஆனால் ஒட்டுவதும் ரோலர் துருப்பிடிப்பதும் அளவுக் குறையால் மட்டும் வராது. அதற்கு வேதியியல் தெரிந்தவர்கள் வரட்டும்.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 11.30

இருபது வருஷமாகப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஒரு கரிமச் சேர்மத்தைப் புத்தகத்துக்கு வெளியே வைத்துப் பேச இவ்வளவு நல்ல வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பால் ஏன் உறைகிறது. ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. அதற்கு எதிர்மின்சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. புதுப்பாலின் பிஎச் 7க்குச் சற்றுக் கீழே. அமிலம் விட்டு அதை 5க்கும் 4.5க்கும் இடையே கொண்டுவந்தால் மின்சுமை அடங்கிவிடும். விலக்கி வைத்த சக்தி போனதும் துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. இந்த வேலையை எந்த அமிலமும் செய்யும். எலுமிச்சைச் சாறுகூடச் செய்யும்.

அப்படியானால் ஃபார்மிக் எதற்கு? கரிம அமிலங்களில் இதுதான் மிகச் சிறியது: ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், அவ்வளவுதான். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வலுவானது, அதனால் குறைவாக விட்டால் போதும். அதே சமயம் ஆவியாகக் கூடியது. சுத்தமான ஃபார்மிக் 100.8 டிகிரியில் கொதிக்கும், கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே. ரோலரில் பிழிந்து கழுவும்போது பெரும்பகுதி போய்விடும், மிச்சம் புகைப்புரைச் சூட்டில் தண்ணீரோடு சேர்ந்து ஏறிப்போகும். ஷீட்டில் ஏதும் தங்காது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிற அமிலம் இது. அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

கந்தக அமிலம் அப்படிப் போகாது. தண்ணீர் காயக் காய அது ஷீட்டுக்குள் இன்னும் அடர்த்தியாகும். ஈரத்தைப் பிடித்துவைக்கும், ரப்பரின் நீண்ட சங்கிலிகளைச் சிதைக்கும், இரும்பைத் தின்னும். காயாமை, ஒட்டல், துரு. நீங்கள் சொன்ன மூன்றும் இதோடு பொருந்துகின்றன. வாசனை மெதுவாக இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் ஃபார்மிக்கும் நிறைய கந்தக அமிலமும் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம், வகுப்பில் நான் எப்போதும் கேட்பது. ஃபார்மிக் அமிலத்துக்கும் சாராயத்தில் உள்ள எத்தனாலுக்கும் மூலக்கூறு எடை ஒன்றுதான், 46. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, இது 100ஐத் தாண்டுகிறது. ஏன்? இதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன, பிரித்து ஆவியாக்கக் கூடுதல் சூடு தேவை. தண்ணீரோடு சேர்ந்தால் 77.5 சதவீதத்தில் 107 டிகிரியில் கொதிக்கும் கலவையாக நின்றுவிடும், சாதாரணமாகக் காய்ச்சிப் பிரிக்க முடியாது.

ராணிப்பேட்டை டிரம் | ஞாயிறு, மதியம் 1.10

தோல் ஷாப்பில் 16 வருஷம், இப்போது ஃபினிஷிங் பக்கம். எங்களுக்கு இந்த ஆசிட் தினச் சாப்பாடு மாதிரி. சாயம் ஏற்றி, ஃபேட் லிக்கர் (தோலை மென்மையாக்கும் எண்ணெய்) கொடுத்து முடித்ததும் கடைசியில் டிரம்முக்குள் ஃபார்மிக் விடுவோம். ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மொத்தமாக ஊற்றாமல் மூன்று தவணையாக, பத்து நிமிஷ இடைவெளியில். பிஎச் மூன்றரை பக்கம் வந்ததும் டிரம் தண்ணீரில் சாயம் இல்லாமல் தெளியும். சாயம் முழுக்கத் தோலில் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அருமனை அண்ணா டிஷ் தண்ணீர் தெளிவதைச் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

குரோம் பதனிடும் முன் பிக்கிள் (தோலை உப்பு, அமிலக் கரைசலில் ஊறவைப்பது) போடும்போது உப்பு, கந்தக அமிலத்தோடு கொஞ்சம் ஃபார்மிக்கும் சேர்ப்போம். ஃபார்மிக்கிலிருந்து வரும் ஃபார்மேட் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட்டு மேல்தோலிலேயே உட்காராமல் தடுக்கும், உள்ளே வரை ஒரே சீராகப் போகும். தோல் ஓரத்தை வெட்டி அமிலம் பட்டால் நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் சொட்டு விட்டால் வெட்டுவாய் முழுக்க மஞ்சளாக வர வேண்டும். நடுவில் பச்சையோ நீலமோ தெரிந்தால் ஆசிட் இன்னும் உள்ளே இறங்கவில்லை.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். முதலில் எடை போட்டுப் பார்க்கத் தோன்றும். 85 சதவீத ஃபார்மிக் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். ஆனால் இதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். கந்தக அமிலத்தைத் தண்ணீர் கலந்து 28 சதவீதமாக இறக்கினால் அதுவும் அதே 1.2 கிலோதான். கலப்படம் செய்பவனுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

நாங்கள் செய்யும் சோதனை காகிதம். கண்ணாடிக் குச்சியால் ஆசிட்டை ஒரு துளி தொட்டு, வெள்ளைக் காகிதத்தில் கோடு போடுங்கள். வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய சூடான தோசைக்கல்லில் காகிதத்தை வையுங்கள். நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது. ஃபார்மிக் மட்டும் என்றால் ஆவியாகிக் காகிதம் வெள்ளையாகவே நிற்கும். கந்தக அமிலம் இருந்தால் தண்ணீர் போனதும் கோடு கருகிக் கறுப்பாக எழும்பும். பக்கத்திலேயே பழைய நல்ல கேனின் ஆசிட்டால் இன்னொரு கோடு போட்டு ஒப்பிடுங்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் செய்ய வேண்டாம். அந்தத் தோசைக்கல்லை மறுபடி சமையலுக்கு எடுக்கவும் வேண்டாம்.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, மதியம் 1.45

அருமையான சோதனை. இத்துடன் ஒன்று சேர்க்கிறேன். பேரியம் குளோரைடு விட்டால் கந்தக அமிலம் வெள்ளை வீழ்படிவு தரும். லேசான கலங்கலை வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிடக் கூடாது, சோடியம் ஃபார்மேட்டுடன் கந்தக அமிலம் சேர்த்துத் தயாரிக்கும் பழைய முறை ஃபார்மிக்கில் கொஞ்சம் சல்பேட் ஒட்டியிருக்கலாம். தயிர் மாதிரித் திரண்டால் சந்தேகமே இல்லை.

இப்போதைய பெரிய ஆலைகளில் வழி வேறு. மெத்தனாலோடு கார்பன் மோனாக்சைடைச் சேர்த்து மெத்தில் ஃபார்மேட் ஆக்கி, அதைத் தண்ணீரால் உடைத்தால் ஃபார்மிக் அமிலமும் பழைய மெத்தனாலும் கிடைக்கும். மெத்தனால் மறுபடி சுற்றுக்குப் போகும். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பாஸ்ஃப், நம் நாட்டில் பரூச்சில் ஜிஎன்எஃப்சி போன்ற கம்பெனிகள் தயாரிக்கின்றன.

பிளஸ் டூ மாணவி | ஞாயிறு, மதியம் 3.20

சார், ஃபார்மிக் அமிலம் எறும்பில் இருக்கிறது என்று படித்தோம். தேனீ கொட்டினாலும் அதுதான், சோடா உப்பு தடவினால் சரியாகும் என்கிறார்கள். சரியா?

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.00

பாதி சரி, அம்மா. பெயரே எறும்பிலிருந்து வந்தது. லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ரே செத்த எறும்புகளைக் குவித்துக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தார். 1855இல் பிரான்சின் பெர்த்தலோ கார்பன் மோனாக்சைடிலிருந்து செய்துகாட்டியபோது எறும்பே தேவையில்லை என்றாயிற்று.

ஆனால் எல்லா எறும்பிலும் இது இல்லை. மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு இருக்கிறதே, அது கடித்த இடத்தில் ஃபார்மிக்கைப் பீய்ச்சும். கூட்டை அசைத்தால் புளித்த வாடை வருவது அதனால்தான். நெருப்பெறும்பின் கொடுக்கில் இருப்பது வேறு வகை ஆல்கலாய்டு நஞ்சு. தேனீயின் நஞ்சில் வலி தருவது பெரும்பாலும் மெலிட்டின் என்ற புரதத் துண்டு. அது தோலுக்குள் ஊசி போட்டது மாதிரி இறங்கிவிடுகிறது, மேலே சோடா தடவி நடுநிலையாக்க அங்கே ஒன்றுமில்லை. கொடுக்கை உடனே எடுத்துவிட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுது, வீட்டில் இதைச் செய்.

கேகாலை மகள் | ஞாயிறு, இரவு 8.50

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மா, அம்மம்மா இருவரும் கேகாலைப் பக்கம் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டினவர்கள். 1876இல் ஆசியாவுக்கு முதல் இறப்பர்க் கன்றுகள் வந்து நட்ட ஹேனரத்கொட தோட்டம் எங்கள் நாட்டில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் சின்னத் தோட்டக்காரர் சிலர் அசெட்டிக் அசிட் பாவிப்பார்கள். அதுவும் ஆவியாகிப் போகிற அசிட்தான், ஆனால் கூட விட வேண்டும். ஃபோமிக் கிடைத்தால் எல்லாரும் அதையே எடுப்பார்கள். விலை கூடின நேரத்தில் பற்றரி அசிட் ஊற்றினவர்களையும் பார்த்திருக்கிறேன். பற்றரி அசிட் என்றால் கந்தக அசிட்தான். ஷீட் போகட்டும், கழிவுத் தண்ணீர் தேங்கிற குழியில் அழுகின முட்டை மணம் வரும். குழியில் உள்ள கிருமி சல்பேட்டை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுவதால்தான் அந்த மணம் என்று பிறகு படித்தேன். தம்பி, உங்கள் குழியில் அந்த மணம் இருக்கிறதா?

திற்பரப்புத் தோட்டம் | ஞாயிறு, இரவு 9.02

இருக்கிறது அக்கா. செத்த எலி என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

நாகர்கோவில் செவிலி | ஞாயிறு, இரவு 10.15

இந்த இழையைக் காலையிலிருந்து வாசிக்கிறேன். கேனில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அந்தக் கேனிலிருந்து எதில் ஊற்றி வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

நான் வேலை பார்த்த வார்டுக்கு ஒரு வெட்டுக்காரர் வந்தார். அதிகாலை நாலு மணி, தலையில் டார்ச், தாகம். புரையின் திண்ணையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டார். முந்தின நாள் மகன் கேனிலிருந்து கொஞ்சம் ஆசிட்டை அதில் ஊற்றி வைத்திருந்தான். ஒரு வாய்தான். உடனே துப்பினார். உயிர் பிழைத்தார். ஆனால் உணவுக்குழாய் சுருங்கிப்போய், மாதக்கணக்கில் வந்து அதை விரித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. கஞ்சி மட்டும்தான் இறங்கும். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த ஆசிட் வாயையும் தொண்டையையும் எரிப்பதோடு நிற்காது. ரத்தத்தில் ஏறி அதன் அமிலத்தன்மையைக் கூட்டும், சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தை நிறுத்தும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியிலேயே திரும்ப வந்து மறுபடி எரிக்கும். சோடா உப்புக் கரைசல், சுண்ணாம்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், கேனையும் கூடவே எடுத்து வாருங்கள். தோலில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கு மேல் உயிர் போனதே, அங்கே உடம்புக்குள் கொன்றதும் இதே ஃபார்மிக் அமிலம்தான். மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் அப்புறம் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அதற்கு மேல் உடைத்து வெளியேற்றுவது மனித உடம்பில் மிக மெதுவாகத்தான் நடக்கும். தேங்கிய அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கும். முதலில் அடிபடுவது கண் நரம்பு. அதனால்தான் பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போகிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது, அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் பார்வை மங்கும், மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் வந்துவிட்டால் ஃபோமெபிசோல் அல்லது மருத்துவ எத்தனால் கொடுத்து மெத்தனால் மாறுவதைத் தடுக்கலாம், டயாலிசிஸ் செய்து வெளியே எடுக்கலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டிலேயே படுத்திருந்தவர்களைத்தான் இழக்கிறோம்.

அருமனை வெட்டுக்காரர் | ஞாயிறு, இரவு 10.40

அம்மா, எங்கள் புரையிலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. இப்போதுதான் போய் எடுத்துவிட்டு வந்தேன்.

மார்த்தாண்டம் தேன்பெட்டி | திங்கள், காலை 6.30

ரப்பர் தோட்டத்தில்தான் எங்கள் பெட்டிகளும் இருக்கின்றன. ஜனவரியில் இருந்து மார்ச் வரை புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பில் ஊறும் தேனைத்தான் எங்கள் தேனீ எடுக்கும். ஐரோப்பாவில் தேனீயைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு ஃபார்மிக் அமிலத்தைப் பெட்டிக்குள் ஆவியாக விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பெட்டிக்கும் வைக்கலாமா?

வேதியியல் வாத்தியார் | திங்கள், காலை 7.10

கேள்விப்பட்டது உண்மை. தேனடையின் மூடிய அறைக்குள் புழுவோடு இருக்கும் உண்ணியையும் அந்த ஆவி போய்க் கொல்லும், வேறு பல மருந்துகளுக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் அது இத்தாலியத் தேனீக்கான முறை. நம் நாட்டுத் தேனீ உண்ணியோடு சேர்ந்தே வளர்ந்த இனம், தானே உண்ணியைத் தேடிப் பிடித்துத் தள்ளும். அளவு கூடினாலோ வெயில் கூடினாலோ ராணித் தேனீ செத்துப்போகும். நம் பெட்டிக்கு வேண்டாம். ரப்பருக்கு வாங்கிய கேனிலிருந்து நிச்சயமாக வேண்டாம்.

பின்லாந்தில் மாட்டுத் தீவனப் புல்லைக் குழியில் ஊறவைக்கும்போதும் இதை ஊற்றுகிறார்கள். அமிலம் விட்டுப் புல்லைக் கெடாமல் காக்கும் முறையைக் கண்டுபிடித்த விர்த்தனேனுக்கு 1945இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர் பயன்படுத்தியது கனிம அமிலங்கள், பிறகு அந்த இடத்துக்கு ஃபார்மிக் வந்தது. ரப்பரில் நடந்த அதே மாற்றம்தான்.

திருப்பூர் துணிச்சோதனை | திங்கள், காலை 9.25

எங்கள் லேபில் ஒரு உபயோகம்: துணியில் நைலானா பாலியஸ்டரா என்று தெரிய 85 சதவீத ஃபார்மிக்கில் போடுவோம். நைலான் அப்படியே கரைந்துவிடும், பாலியஸ்டர் நிற்கும். அதனால் நைலான் கயிறு, நைலான் பிரஷ் எதுவும் கேன் பக்கம் வேண்டாம்.

திற்பரப்புத் தோட்டம் | திங்கள், மாலை 5.15

சோதனை செய்துவிட்டேன். பழைய கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு கோடு போட்டேன். பழையது சுவடே இல்லாமல் போயிற்று. புதியது ஒரு நிமிஷத்தில் பழுப்பாகி, அப்புறம் பென்சிலால் கிறுக்கியது மாதிரிக் கறுத்துவிட்டது. தொட்டதும் காகிதம் அந்தக் கோட்டில் உடைந்தது. படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "எல்லாரும் இதைத்தானே வாங்குறாங்க" என்றார், பணம் திரும்பத் தரவில்லை.

மிச்சம் 20 லிட்டருக்கு மேல் இருக்கிறது. பின்னால் ஓடை போகிறது, அதில் விட மனசில்லை. என்ன செய்வது?

ராணிப்பேட்டை டிரம் | திங்கள், மாலை 5.50

ஓடையில் விடாததற்கு நன்றி தம்பி. எங்கள் ஊர்ப் பாலாறு பட்டபாட்டைப் பார்த்தவன் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புங்கள். அதில் ஆசிட்டை ஒவ்வொரு குவளையாக மெதுவாக விடுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சூடு ஆறிய பிறகு சுண்ணாம்புக்கல் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும். இனிப் போட்டாலும் நுரை வரவில்லை என்றால் முடிந்தது. லிட்மஸ் வைத்துப் பார்த்துவிட்டு அடியில் தங்கியதைத் தனியாக எடுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் போதும்.

புதிதாக வாங்கும் கேனில் தயாரித்தவர் பெயர், சதவீதம், பேட்ச் எண் மூன்றும் இருக்க வேண்டும். மூடியை முறுக்கி அடைத்து வெயிலில் வைக்காதீர்கள். அடர்த்தியான ஃபார்மிக் மெதுவாகத் தானே உடைந்து கார்பன் மோனாக்சைடு விடும், கேன் உப்பும். படுக்கிற அறையில் வைக்கவே கூடாது.

திற்பரப்புத் தோட்டம் | அடுத்த வாரம், சனி, காலை 8.30

புதுக் கேன் வாங்கினேன், 85 சதவீதம், பேட்ச் எண்ணோடு. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் ஒன்றும் வாங்கிப் பாலை அளந்து தண்ணீர் கலந்தேன். கேனிலும் கரைசல் வாளியிலும் சிவப்புப் பெயின்டில் "ஆசிட்" என்று எழுதி, புரையில் உயரமாகப் பலகை அடித்து மேலே வைத்துவிட்டேன். தண்ணீர்ப் பாட்டில் எதுவும் இப்போது புரைக்குள் கிடையாது, செவிலி அக்கா.

செவ்வாய்க்கிழமை எட்டு ஷீட் அடித்தேன். அன்று காலை அப்பாவை நாற்காலியோடு புரை வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். டிஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "தெளிஞ்சிருக்கு" என்றார். நேற்று சாயங்காலம் புகைப்புரையைத் திறந்தேன். ஏழு ஷீட் தேன் நிறம். ஒன்றில் மட்டும் ஓரத்தில் சின்ன வெள்ளை இருக்கிறது.

அருமனை வெட்டுக்காரர் | சனி, காலை 8.45

அந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் தடித்திருந்தால் ரோலரை அந்தப் பக்கம் கால் சுற்று இறுக்க வேண்டும்.